ஓட்டினால்தான் அது சைக்கிள்



பொங்கலன்று நான் போட்ட சைக்கிள் படத்துக்கு வந்த கேள்விகளை மூன்றாகச் சுருக்கலாம். 'அந்தக் காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே சார்?' இது முதல் கேள்வி. கேட்டவர்களில் பாதிப் பேர் பொறியாளர்கள். 'இவ்வளவு அரிய வண்டியில் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் மாற்றி அதன் மதிப்பைக் கெடுத்துவிட்டீர்களே?' இது இரண்டாவது. பழம்பொருள் சேர்க்கும் மாணவர்கள் சிலர் உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். மூன்றாவது என் அக்காவின் கேள்வி: 'அறுபத்தேழு வயசுல உனக்கு எதுக்குடா இருநூறு கிலோமீட்டர்?'

தனித்தனியாகப் பதில் எழுதக் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த நீண்ட பதிவு. ஒரு பாடவேளை ஆகும். உட்கார்ந்து படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சைக்கிளைப் புதுப்பிப்பது என்றால் அது எந்தத் தூரத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தூரத்தை மறுபடியும் ஓடவைப்பது. பளபளவென்று பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டுவது வேறு வேலை. அதைச் செய்பவர்கள் செய்யட்டும், அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

இனி வண்டியைப் பற்றி. அது பெஜோ பிஎக்ஸ்-10. பெஜோ என்றதும் உங்களுக்குக் கார்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குடும்பத்தார் காருக்கு முன்பே, 1882இலேயே, சைக்கிள் செய்யத் தொடங்கிவிட்டார்கள். எடி மெர்க்ஸ் என்ற பெல்ஜிய வீரரின் பெயரைச் சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்கள் அறிவீர்கள். அவர் 1966இல் மிலான் – சான் ரெமோ பந்தயத்தை முதன்முதலாக வென்றது பெஜோ அணியில் இருந்தபோதுதான். பிறகு 1975இலும் 1977இலும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற பெர்னார் தெவனேயும் பெஜோ அணிக்காரர். அந்த அணியின் பந்தய வண்டியைப் போலவே செய்து கடையில் விற்றதுதான் பிஎக்ஸ்-10.

அதன் உடல் ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாய். இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1935 முதல் செய்யப்பட்டது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு. குழாயின் இரண்டு முனைகளும் தடிமனாக இருக்கும், நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்திருக்கும். பாரம் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் தடிமன். முழு வண்டியும் பத்துக் கிலோவை ஒட்டித்தான் வரும். நான் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு வந்த பழைய சைக்கிளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பத்துக் கிலோவின் அருமை தெரியும்.

இப்படிப்பட்ட வண்டி புதுச்சேரிக்கு எப்படி வந்தது? சொல்தா வீடுகளைப் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன தமிழர்கள் இங்கே உண்டு. அவர்கள்தான் சொல்தா. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் பல. என் நண்பர் ஒருவரின் தந்தை அப்படிப்பட்ட ஒரு சொல்தா. பணி முடிந்து ஊர் திரும்பியபோது இந்த வண்டியையும் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், குழாய்கள் சேரும் முன்கழுத்தில் கறுப்பு. 1970களின் தொடக்கத்தில் செய்தது.

அவர் சில ஆண்டுகள் ஓட்டினார். அவருக்குப் பின் என் நண்பர் அதைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தார். பாதுகாத்தார் என்றால் ஒரு பழைய போர்வையைச் சுற்றி மாடியறையில் நிறுத்தினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே நின்றது. நண்பர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். வீட்டைக் காலி செய்யும்போது ஒரு உணவகத்தார் வந்து அறுபதாயிரம் தருவதாகச் சொன்னார்கள். தங்கநிற ஸ்பிரே அடித்து, நுழைவாயில் சுவரில் பதித்து, பக்கத்தில் பூந்தொட்டி வைப்பது அவர்கள் திட்டம். உறவினர்களில் சிலர் விற்றுவிடலாம் என்றார்கள். அதில் தவறென்றும் சொல்ல முடியாது, அறுபதாயிரம் சிறிய தொகையா? நண்பரின் மகள் என்னிடம் இயற்பியல் படித்தவள். அவள்தான் எனக்கு ஃபோன் செய்தாள். 'நீங்க ஓட்டுறதா இருந்தா எடுத்துக்கோங்க சார். நீங்களும் மாட்டி வைக்கிறதா இருந்தா அவங்களுக்கே கொடுத்துடுறேன்' என்றாள். பணம் வாங்க மறுத்துவிட்டாள். ஆகவே எனக்கு வந்தது வண்டியோடு சேர்த்து ஒரு நிபந்தனையும்தான்.

போர்வையை அவிழ்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஓடியதால் கெட்டதென்று அந்த வண்டியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. நின்றதால் கெட்டவைதான் ஏராளம். ஹப்புகளில் இருந்த கிரீஸ் மெழுகுபோல் இறுகிக் கிடந்தது. ரிம்மோடு பசைபோட்டு ஒட்டும் வகை டயர்கள் தொட்டால் உதிர்ந்தன. தோல் சீட் அப்பளம்போல் வளைந்திருந்தது. அலுமினியத்தாலான சீட் கம்பி எஃகுக் குழாயோடு பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் கடற்காற்றின் உப்பும் ஈரமும். பத்தாம் வகுப்பில் நாம் படித்த மின்வேதிக் கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளாக அந்தக் குழாய்க்குள் அது மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ் தடவியிருந்தால் போதும். ஓட்டுகிறவன் அதைச் செய்திருப்பான். பாதுகாக்கிறவனுக்கு அது தோன்றாது. என் நண்பர்மேல் எனக்குக் குறையில்லை, அப்பாவின் பொருள்மேல் கைவைக்கத் துணியாத பாசம் அது. ஆனாலும் அந்தப் பாசத்தைவிடக் கொஞ்சம் கிரீஸ் அந்த வண்டிக்கு அதிகம் உதவியிருக்கும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? எனக்கு நானே மூன்று விதிகள் வகுத்துக்கொண்டேன்.

முதல் விதி: உயிர் எதை நம்பியிருக்கிறதோ அதை மாற்று. பிரேக் கட்டை, பிரேக் கம்பி, டயர், டியூப், செயின் எல்லாம் புதியவை. இதில் பழமைக்கு மரியாதை எதுவும் கிடையாது. ஹேண்டில்பாரையும் அதைத் தாங்கும் தண்டையும் மாற்றினேன். சேகரிப்பவர்களுக்கு அதிகக் கோபம் இதில்தான். காரணம் சொல்கிறேன். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்கு உட்பட்ட சுமையை எத்தனை இலட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் அது ஏறக்குறைய அப்படியே இருக்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. சிறிய சுமையானாலும் திரும்பத் திரும்ப ஏற்றினால் என்றாவது ஒருநாள் விரிசல் விடும். அதைத்தான் உலோகச் சோர்வு என்று சொல்லிக்கொடுத்தோம். ஐம்பது ஆண்டு வயதான அலுமினியத் தண்டை நம்பி, நூற்றைம்பதாவது கிலோமீட்டரில், லாரி பின்னால் வர, மேம்பாலத்தில் இறங்க நான் தயாரில்லை. அக்காவும் தயாரில்லை.

இரண்டாவது விதி: வயதின் அடையாளத்தைத் தொடாதே. பெயின்ட் ஆங்காங்கே உதிர்ந்திருக்கிறது. பாருக்கு அடியில் ஒரு கீறல், அந்தத் தாத்தா கேட்டில் சாய்த்து வைத்து வைத்து விழுந்ததாம். இவையெல்லாம் வண்டியின் ஓட்டத்தைக் கெடுப்பதில்லை. மேல்துருவை மட்டும் பித்தளைக் கம்பித் தூரிகையால் எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்தேன். குழாய்களுக்கு உள்ளே ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடியவிட்டேன். உள்ளே அது மெல்லிய படலமாக உலர்ந்து துருவைத் தடுக்கும். மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் படத்துக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தக் கீறல் போயிருக்கும்.

மூன்றாவது விதி: திரும்பச் செய்ய முடியாத எதையும் செய்யாதே. துளை போடுவதில்லை, ராவுவதில்லை, வெல்டிங் வைப்பதில்லை. கழற்றிய ஒவ்வொரு பாகமும் துடைத்து, எண்ணெய்த்தாளில் சுற்றி, பெயர் எழுதி, ஒரு பெட்டியில் இருக்கிறது. பழைய சக்கரங்கள் இரண்டும் அப்படியே பரணில் இருக்கின்றன. நாளைக்கு அந்தப் பெண்ணின் பிள்ளைகள் கேட்டால் ஒரே நாளில் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சேகரிப்பவர்களே, இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

நான் செய்த பெரிய மாற்றம் ஒன்றே ஒன்றுதான், அது கியர். முன்னால் 52, 45 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்கள். பின்னால் மிகப் பெரியது 21. கணக்குப் போடுங்கள். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 45ஐ 21ஆல் வகுத்து அதைப் பெருக்கினால், இருப்பதிலேயே இலேசான கியரில் ஒரு மிதிக்கு நாலரை மீட்டர் நகர வேண்டும். இருபத்தைந்து வயதுப் பந்தய வீரனுக்கு அது சரி. செஞ்சி தாண்டித் திருவண்ணாமலை போகும் வழியில் எதிர்காற்று அடிக்கும்போது எனக்குச் சரிவராது. முன்னால் 38 பல், பின்னால் 28 பல் போட்டேன். இப்போது ஒரு மிதிக்கு 2.85 மீட்டர். செய்யும் வேலை அதேதான். முழங்காலில் விழும் விசை குறைந்துவிட்டது. 'இப்படி மாற்றலாமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் செயினை நகர்த்தும் கியர் மாற்றிக்கு 1937 வரை அனுமதியே இல்லை. அதைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொன்னதே கடைசிச் சொல்லாக இருந்திருந்தால் இந்த பிஎக்ஸ்-10இல் கியரே இருந்திருக்காது.

பழமையைக் காப்பவர்கள் எல்லோரும் சுவரில் மாட்டச் சொல்பவர்கள் அல்லர். இத்தாலியில் டஸ்கனி பகுதியில் லெரோய்கா என்று ஒரு சைக்கிள் ஓட்டம், 1997 முதல் நடக்கிறது. 1987க்கு முன் செய்த வண்டியாக இருக்க வேண்டும், கியர் நெம்புகோல் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கம்பிகள் ஹேண்டில்பாருக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதெல்லாம் விதிகள். அப்படிப்பட்ட வண்டிகளைக் காட்சிக்கு வைப்பதில்லை. வெள்ளைப் புழுதிச் சாலைகளில் ஓட்டுகிறார்கள். மிக நீளமான பாதை 200 கி.மீ.க்கு மேல். அந்த மண்சாலைகள் தார்ச்சாலையாக மாறிவிடக் கூடாது என்ற எண்ணமும் அந்த ஓட்டத்தின் பின்னால் இருந்தது. பழைய வண்டிகள் ஓடுவதால் பழைய சாலைகளுக்கும் ஒரு பயன் இருந்துகொண்டே இருக்கிறது. மாட்டி வைத்த வண்டியால் அது நடக்குமா?

இனி நம் இயற்பியல் வகுப்புக்கு வருவோம். வெர்னியர் அளவுகோலை நினைவிருக்கிறதா? மீச்சிற்றளவு 0.01 செ.மீ. 'இதை வாழ்க்கையில் எங்கே சார் பயன்படுத்தப் போறோம்?' என்று பின்வரிசையில் இருந்து ஒவ்வொரு ஆண்டும் ஒரு குரல் வரும். இதோ பதில். அந்தக் காலப் பிரெஞ்சு வண்டிகளின் அளவுகள் தனி. ஹேண்டில்பார் தண்டின் விட்டம் மற்ற நாட்டு வண்டிகளில் 22.2 மி.மீ., பிரெஞ்சு வண்டியில் 22.0. சீட் கம்பி 26.4. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். அந்த 0.2 மி.மீ. வித்தியாசத்தில் தண்டு இறங்காது, அடித்து இறக்கினால் குழாய் பிளக்கும். வெர்னியரால் அளந்து, புதுத்தண்டின் இறங்கும் பகுதியை மட்டும் எமரித் தாளால் பொறுமையாகத் தேய்த்து 22.0க்குக் கொண்டுவந்தேன். பாழானால் புதுத்தண்டுதானே பாழாகும். விதி மூன்றை மறக்கவில்லை.

பெடல் அச்சு சுழலும் இடத்தில் இருக்கும் கப்புகளின் மறை இன்னும் வேடிக்கை. நம் ஊர்ச் சைக்கிளில் வலப்பக்கக் கப் இடது மறை. கழற்ற வேண்டுமென்றால் கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும். பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் வலது மறை. பழக்கத்தில் நம் திசையில் திருப்பினால் கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டே போவோம். கிராங்க்கை இழுத்தெடுக்கும் கருவியிலும் இதே சிக்கல். கடையில் கிடைப்பது 22 மி.மீ., இந்தக் கிராங்க்குக்கு வேண்டியது 23.35. அந்தக் கருவிக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டது அப்போதுதான்.

இதையெல்லாம் எங்கே கற்றேன் என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷெல்டன் பிரவுன் என்று ஒருவர் இருந்தார். சைக்கிள் கடையில் வேலை. எந்த நாட்டு வண்டிக்கு எந்த மறை, எந்த டயருக்கு எந்த ரிம் என்று தமக்குத் தெரிந்ததையெல்லாம் இணையத்தில் இலவசமாக எழுதி வைத்துவிட்டு 2008இல் காலமானார். உலகத்தில் பழைய சைக்கிளைத் தொடுகிற முக்கால்வாசிப் பேர் அவருடைய மாணவர்கள்தான் என்பேன். நானும் அதில் ஒருவன்.

இன்னொரு ஆசிரியர் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். சைக்கிள் கடைப் பெரியவர். ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு சைக்கிள் விட்ட கடை. நம்மில் எத்தனை பேர் அங்கே குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம்! புதிய சக்கரங்கள் இரண்டையும் அவர்தான் கட்டினார், 72 கம்பிகள். கோட்டம் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிக் கேட்டார். 'இது மட்டும் மந்தமா பேசுது சார்' என்று ஒன்றைத் தொட்டார். நாம் ஆய்வகத்தில் சுரமானியை வைத்துக் கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதம் என்று நிறுவினோமே, அதையே அவர் காதால் செய்கிறார். அவருக்கு அந்த வாய்பாடு தெரியாது. எனக்கு அந்தக் காது கிடையாது. பெடல் அச்சுக்குப் பழைய பால்ரஸை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கால் அங்குலம், பக்கத்துக்கு 11. 'பிரான்சுக்காரனும் நம்ம குண்டுதான் போட்டிருக்கான்!' டப்பாவிலிருந்து 22 உருண்டைகளை எண்ணிக் கொடுத்தார். அந்த வண்டியில் நான் மிகக் குறைவாகச் செலவு செய்த பாகம் அதுதான்.

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, வரச்சொல்லி அவரும் கேட்கவில்லை. பழைய வண்டியைச் சுவரில் மாட்டுவதில் எனக்குள்ள உண்மையான மனத்தாங்கல் இதுதான். சுவரில் தொங்கும் சைக்கிளுக்குக் கோட்டம் எடுக்க வேண்டியதில்லை. ஓவராயில் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பெரியவரின் கைக்கு அங்கே வேலையே இல்லை. ஓடும் வண்டி இருந்தால்தான் அதைச் சரிசெய்யும் கை இருக்கும். இந்த வேலை நடந்த நாலு மாதமும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கூடவே உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் சைக்கிளுக்கு அவனே கோட்டம் எடுக்கிறான்.

முதல் கேள்வி பாக்கி இருக்கிறது, செலவு. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கருவிகள் உட்பட 31,400 ரூபாய். அதே தொகைக்கு நல்ல புதிய கியர் சைக்கிள் கிடைக்கும், மறுக்கவில்லை. உங்களிடம் பழைய வண்டி எதுவும் இல்லையென்றால் போய்ப் புதியதை வாங்குங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பழைய வண்டி தேடி அலைய வேண்டாம். ஆனால் நல்ல எஃகு வண்டி ஒன்று வீட்டில் ஏற்கெனவே நிற்கிறது என்றால் கணக்கு வேறு. அந்த உடலைச் செய்வதற்கான உழைப்பும் உலோகமும் ஐம்பது ஆண்டுக்கு முன்பே செலவாகிவிட்டன. தேய்ந்துபோகிற பாகங்களை மட்டும்தான் நாம் வாங்குகிறோம். அவற்றைப் புதிய வண்டிக்கும் சில ஆண்டுகளில் வாங்கத்தான் வேண்டும்.

நெடுந்தூரம் ஓட மிக நவீனமான வண்டி தேவை என்பதும் உண்மையல்ல. பிரான்சில் தோன்றிய பிரெவே என்ற நெடுந்தூர ஓட்ட முறை இப்போது சென்னை, கோவை உட்படப் பல ஊர்களில் நடக்கிறது. 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். இவற்றின் உச்சியில் பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 1200 கி.மீ., 90 மணி நேரம். இந்த ஓட்டங்களில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் தேர்ச்சி. 200ஐப் பதின்மூன்றரையால் வகுத்தால் மணிக்கு 15 கி.மீ. கூட வராது. வேகம் அல்ல, வழியில் மக்கர் செய்யாத வண்டியும் முதுகு வலிக்காத இருக்கையும்தான் வேண்டும். 28 மி.மீ. டயரும் மெல்லிய எஃகுக் குழாயும் நம் சாலையின் அதிர்வை நன்றாகவே வாங்கிக்கொள்கின்றன. டிசம்பரில் நான் 200 கி.மீ. ஓட்டத்தை 12 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். பஞ்சர் ஒன்று. டீ ஆறு.

பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிரெஞ்சு வண்டியாக இருக்க வேண்டியதில்லை. 1949இல் தொடங்கி அம்பத்தூரில் வளர்ந்த தொழிற்சாலையின் ஹெர்குலிஸோ பிலிப்ஸோ உங்கள் தாத்தா வாங்கியதாக இருக்கலாம்.

முதலில் உடலைப் பாருங்கள். குழாய்கள் சேரும் இடங்களில் துடைத்துவிட்டு வெயிலில் வைத்து விரிசல் தேடுங்கள். பிறகு ஒரு நூலை எடுத்துப் பின் அச்சுப் பிடியின் ஒரு பக்கத்தில் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறுபக்கப் பிடிக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது.

செயினை அடி அளவுகோலால் அளவுங்கள். ஒரு ஆணியின் நடுவில் தொடங்கினால் இருபத்துநான்காவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பற்சக்கரமும் போய்விட்டது என்று பொருள்.

குரோம் பூசிய எஃகு ரிம் என்றால் மழையில் பிரேக் கிட்டத்தட்டப் பிடிக்காது. நெடுந்தூரம் போவதாக இருந்தால் அலுமினிய ரிம்முக்கு மாறிவிடுங்கள். எஃகு ரிம்மைத் தாத்தாவின் நினைவாகப் பரணில் வையுங்கள். விரிசல் விட்ட உடலுக்கும், துரு துளைத்த குழாய்க்கும், வளைந்த ஃபோர்க்குக்கும் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். அப்படிப்பட்ட வண்டியைச் சுவரில் மாட்டுங்கள். அதற்கு நான் தடையில்லை.

உங்களில் பலர் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்கு வந்தீர்கள். அவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன? அவை அரிய வண்டிகள் அல்ல. ஆனால் ஒரு பால்ரஸுக்கும் ஒரு டியூப்புக்கும் காத்திருக்கிற வண்டிகள் எத்தனையோ வீடுகளில் கிடக்கும். அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்குப் பதில்: ஓய்வு பெற்ற முதல் ஆண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன், உனக்குத் தெரியும். அப்போதுதான் முழங்கால் வலித்தது. இப்போது வலிப்பதில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறேன். தலைக்கவசம், முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் உண்டு. அடுத்தது 300 கி.மீ. அதை உன்னிடம் தனியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். இங்கேயே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலைகளில் வீட்டில்தான் இருப்பேன். பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வெர்னியர், செயின் கட்டர், அந்த 23.35 மி.மீ. கருவி எல்லாம் இருக்கின்றன, இரவல் தருவேன். பெயரும் தேதியும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும், ஆய்வக வழக்கப்படி. சக்கர வேலை என்றால் தெருமுனைப் பெரியவரிடம் அழைத்துப் போகிறேன். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கம்பியைச் சுண்டும்போது காதைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்